கேமராவுக்கு வைத்த பொட்டு

கணபதி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலிருந்த ஒரு ஸ்டுடியோவில் மோகனப்பிரியா பதினோரு வருடம் வேலை பார்த்தாள். அந்தப் பதினோரு வருடத்தில் கோயமுத்தூரின் வடக்குப் பக்கம் கல்யாணமான மாப்பிள்ளைகளில் பாதிப் பேருடைய நிறம் அவள் கைவேலைதான். மண்டபத்து டியூப்லைட்டில் பச்சை பூத்துப்போயிருந்த முகங்களைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோதுமை நிறத்துக்குக் கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்ட சம்பந்திக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டினாள். பங்காளிச் சண்டையில் கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவைப் பின்வரிசையில் சிரித்த முகத்தோடு நிற்கவைத்தாள். கோணலாகவும் இருட்டாகவும் வந்த படங்களைப் பார்க்கும்படியாக்கி ஆல்பம் போடுவது அவள் வேலை. அவற்றைக் கோணலாகவும் இருட்டாகவும் எடுத்துக்கொண்டு வருவது முதலாளி வேங்கடசாமியின் வேலை. மண்டபத்தில் முதல் பந்தி அவருக்குத்தான் கிடைக்கும்.

வேங்கடசாமி கெட்டவர் இல்லை. தொந்தரவே அதுதான். கத்துகிற முதலாளியிடம் பதிலுக்குக் கத்தலாம். 'ங்க' போட்டுப் பேசுகிறவரை என்ன செய்வது?

"ஏனுங்க, இந்த முகூர்த்தத்துக்கு நானும் வரட்டுங்களா? பொண்ணு பக்கம் ஒரு கேமராவ நான் புடிக்கறனுங்க" என்று அவள் ஆறு தடவை கேட்டிருக்கிறாள்.

"உங்களுக்கு எதுக்குங்க அம்மணி அந்தக் கஷ்டம்? கேமரா கனமுங்க. நீங்க ஜம்முனு ஏசில உக்காந்து வேலையப் பாருங்க" என்பார் ஆறு தடவையும்.

ஏசி கெட்டு மூன்று வருடமாகியிருந்தது. கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் கேஸ் சிலிண்டரை உருட்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கிறவளுக்கு முக்கால் கிலோ கேமரா கனமாம். இதைக் கேட்டு அவள் வீட்டு சிலிண்டர்கூடச் சிரித்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையைக் கலைத்தவள் ஹாரிகா. பீளமேட்டு மில் குடும்பத்து மருமகள். அவளுடைய கல்யாண ஆல்பத்தை முடித்துக் கொடுத்தது மோகனப்பிரியாதான். அப்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்த ஹாரிகாவுக்கு, எடுத்தவர் யார், காப்பாற்றியவர் யார் என்பது தெளிவாகிவிட்டது. இப்போது அவளுடைய ஒரு வயது மகள் சைத்ராவுக்கு ஐப்பசியில் காதுகுத்து. போன் செய்தாள்.

"அக்கா, இந்த விசேஷத்துக்கு நீங்களேதான் எடுக்கோணும். வேற யாரும் வேண்டாமுங்க. உங்ககிட்ட நல்ல கேமரா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டாள் மோகனப்பிரியா. முப்பத்தொன்பது வருட வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் விஷயத்தைச் சொல்லி, வேலையை விட்டு நின்றுகொள்வதாகவும் சொன்னாள். வேங்கடசாமி முகம் சுளிக்கவில்லை. "நல்லதுங்க அம்மணி, போயிட்டு வாங்க. சரிப்படலீன்னா யோசிக்காதீங்க, உங்க சேர் இங்கயேதானுங்க இருக்கும்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்த நாற்காலியில் போய் மறுபடி உட்காரக்கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கையில் சீட்டு எடுத்த பணம் முப்பதாயிரம் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. முப்பதாயிரத்தில் கேமரா வாங்கப் போகிறேன் என்று வெளியே சொன்னதுதான் தாமதம், கணபதியில் இத்தனை நிபுணர்கள் இருப்பது தெரியவந்தது. மெகாபிக்சல் பார்த்து வாங்கச் சொன்னார் எதிர்வீட்டுக்காரர். அதையெல்லாம் பார்க்காதீர்கள் என்றார் அவருடைய தம்பி. போனிலேயே இப்போது நிலாவை எடுக்கலாமே, இதெல்லாம் எதற்கு என்றார் மாவு மில்காரர். அவர் நிலாவை எடுத்து என்ன செய்தார் என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக யூடியூப் பார்த்து ஒரு நோட்டு நிறையக் குறித்து வைத்திருந்தவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் மேலான நிபுணர் வீட்டிலேயே இருந்தான். அவள் கணவன் பாலகோபால் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைந்து கொடுப்பான். மெஷின் என்றால் அவனுக்குத் தனி மரியாதை. இரும்பில்லாதது எதுவும் மெஷின் இல்லை என்பதும் அவன் கருத்து. கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய கடைக்கு இருவரும் போனார்கள். கண்ணாடி மேஜைமேல் வைத்த முதல் கேமராவைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, பாடி பிளாஸ்டிக்குங்களா?"

"காம்போசிட்டுங்ணா" என்றான் விற்பனைப் பையன்.

"அப்ப பிளாஸ்டிக்குத்தான்" என்று மோகனப்பிரியாவிடம் ரகசியமாகச் சொன்னான் பாலகோபால். கடை முழுக்கக் கேட்டது.

"ஐம்பது எம்எம், ஒன் பாயிண்ட் எய்ட் லென்ஸ் தனியா என்ன விலைங்க?" என்று, மங்கல் வெளிச்சத்திலும் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கிற லென்ஸைக் கேட்டாள் மோகனப்பிரியா.

பையன் பாலகோபாலைப் பார்த்துப் பதில் சொன்னான். "அண்ணா, டிஎஸ்எல்ஆர் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சுங்ணா. உள்ள ஒரு கண்ணாடி மடங்கி மடங்கி ஏறி எறங்கும், அதெல்லாம் பழைய டெக்னாலஜிங்ணா. இப்ப எல்லாமே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தானுங். அறுபத்தெட்டாயிரம். மாசம் கொஞ்சம் கட்டினாப் போதும். பேக், டிரைபாட், துடைக்கற துணி எல்லாமே ஃப்ரீங்ணா."

துடைக்கிற துணி வருவதற்குள் பாலகோபால் மயங்கிவிட்டான். டிரைபாடின் காலை நீட்டி மடக்கி, பூட்டு எப்படி வேலை செய்கிறதென்று பார்க்க ஆரம்பித்தான். இன்னும் இரண்டு சேர்த்து மூன்று கேள்வி கேட்டவள் அவள். மூன்றுக்கும் பதில் வாங்கியவன் அவன். நான்காவதைக் கேட்காமல், "பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றாள். எங்கள் பக்கம் இதற்கு, இந்த ஜென்மத்தில் வரமாட்டேன் என்று அர்த்தம். பையனும் இந்தப் பக்கத்துக்காரன்தான் போலிருக்கிறது. "ஆகட்டுங்க்கா" என்று சொல்லிவிட்டு டிரைபாடை பாலகோபால் கையிலிருந்து மெதுவாகப் பிடுங்கிக்கொண்டான்.

கடைசியில் டவுன்ஹால் பக்கம் ஒரு மாடிக்குப் போனார்கள். அப்துல் முத்தலிப் பழைய கேமராக்களை வாங்கி, பழுது பார்த்து விற்கிறவர். அறுபது வயது, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி. அவர் தலையைத் தூக்கி, நேராக அவளைப் பார்த்து, "என்ன எடுக்கப் போறீங்கம்மா?" என்று கேட்டார்.

மூன்று வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "கொழந்தைங்களைங்க. ஊட்டுக்குள்ளங்க. ஃப்ளாஷ் போடாமங்க" என்றாள் மோகனப்பிரியா.

அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதுசு போலப் பளபளத்தது. சாதாரண ஜூம் லென்ஸ். இன்னொன்று எட்டு வருடம் பழையது, மூலையில் ரப்பர் தேய்ந்தது. அதில் அவள் தேடிக்கொண்டிருந்த ஐம்பது எம்எம். "புது பாடி பாக்க நல்லாருக்கும். ஆனா அந்த லென்ஸுக்கு ஊட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது. எரநூறு படம் எடுத்தா நூத்தம்பது ஆடிப்போயிருக்கும். காச பாடியில போடாதீங்கம்மா, லென்ஸுல போடுங்க. இந்தப் பழையது நாப்பத்திரண்டாயிரம் ஷாட்டுத்தான் ஓடியிருக்கு."

"கிலோமீட்டருங்களா?" என்று ஆர்வமாகக் குனிந்தான் பாலகோபால்.

"அப்படியே வெச்சுக்கங்க."

மோகனப்பிரியா நோட்டில் குறித்து வைத்ததையெல்லாம் சோதித்தாள். வெள்ளைத் தாளை எடுத்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். பேட்டரி மூடியை ஆட்டினாள். லென்ஸைக் கழற்றச் சொல்லி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முத்தலிப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி லென்ஸைத் திருகி எடுத்தார். உள்ளே தபால்தலை அளவில் சாய்ந்து கிடந்தது அந்தச் சின்னக் கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை மேலே திருப்பிப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்புவது அதுதான் என்றும், பொத்தானை அமுக்கியதும் அது மேலே மடிந்துகொள்ள, வெளிச்சம் நேராகப் பின்னால் போய்ப் படமாகிறது என்றும் அவர் சொன்னதை பாலகோபால் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எதையாவது இப்படிக் கவனித்துக் கேட்டால் பின்னால் வம்புதான். பழைய கேமராவுக்குப் பேரம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறில் முடிந்தது.

மாடிப்படியில் நின்று முதல் படத்தை அவனையே எடுத்தாள். சரியாக அந்த நொடியில் கண்ணை மூடிக்கொண்டான். வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டத் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, லேத்தைத் துடைத்து, ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கி, பூசணிக்காய், பொரிகடலை எல்லாம் தயார். கேமராவையும் வாழையிலையில் வைத்தவள் மோகனப்பிரியாவேதான். "இதும் தொழில் சாமான்தானுங்களே" என்று பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டு, சுண்டல் எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.

பூஜை விஷயத்தில் பாலகோபாலுக்கு ஒரு கொள்கை உண்டு. மெஷினின் மேல்மூடியில் சந்தனத்தைத் தீற்றிவிட்டுப் போகிறவன் சோம்பேறி. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே வைக்க வேண்டும் பொட்டு. லேத்தில் அவன் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடையில் வைப்பான், டிரில்லிங் மெஷினில் துளைபோடும் தலையில் வைப்பான். கேமராவைக் கையில் எடுத்தான். வெளியே ஒரே பிளாஸ்டிக். வேலை நடக்கும் இடம் எது என்பதுதான் அவனுக்கு நான்கு நாளாகத் தெரியுமே. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினான், லென்ஸைத் திருகினான். உள்ளே அந்தக் கண்ணாடி பளிச்சென்று, பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து நட்டநடுவே ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். லென்ஸை மறுபடி மாட்டி, அதன் மூடியில் மூன்று கோடு திருநீறும் இட்டான். பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மோகனப்பிரியா சுண்டல் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, லேத்தை அலங்காரத்தோடு எடுக்கலாமென்று மூடியைக் கழற்றிக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு இருட்டு. லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

"உள்ளுக்கும் ஒன்னு வெச்சுப்போட்டேன் மோகனா" என்றான் பாலகோபால். பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வருமுன் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு அறிவிருக்குதுங்களா? உங்க கண்ணுக்குள்ள சந்தனத்த அப்புனாச் சும்மா இருப்பீங்களா? பதினோரு வருசம் அந்தாளோட கோணப் படத்தயெல்லாம் நிமித்தி நிமித்தி என்ற கண்ணே போச்சுங்க! இப்பத்தான் எனக்குன்னு ஒன்னு வாங்கினேன். நாலு நாள் வெச்சிருக்க உட்டீங்களா?" கோபத்திலும் 'ங்க' விடவில்லை, அது எங்கள் ஊர்ச் சாபம்.

பாலகோபாலுக்கு அப்போதுதான் விபரீதம் புரிந்தது. "இரு மோகனா, ஒரு நிமிசம்" என்று ஓடிப்போய் ஒரு கையில் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியும் இன்னொரு கையில் மண்ணெண்ணெயுமாக வந்தான். பட்டறையில் அது தீர்க்காத அழுக்கு கிடையாது. மோகனப்பிரியா கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

டவுன்ஹால் மாடியில் முத்தலிப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். "சந்தனமாம்மா?"

"குங்குமமும் கலந்ததுங்க."

"நாப்பது வருசத்துல மணல் பாத்திருக்கேன், தண்ணி பாத்திருக்கேன், ஒரு தடவ பல்லி முட்டை பாத்திருக்கேன்." உதிர்ந்த பொடியை மட்டும் காற்றடித்து வெளியேற்றினார். ஒட்டிக் காய்ந்ததைத் தொடவில்லை. கண்ணாடியின் மேல்பூச்சு மெல்லியது, தேய்த்தால் உரிந்து வந்துவிடும். வேறு கண்ணாடி சென்னையிலிருந்து வர மூன்று வாரமாகும் என்றார். காதுகுத்துக்கு இருந்தது எட்டு நாள். மோகனப்பிரியாவின் கண்முன்னே வேங்கடசாமியின் நாற்காலி வந்து நின்றது.

அவர் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்து, பின்திரையைக் காட்டினார். படம் துல்லியமாக இருந்தது. ஒரு துளி சிவப்பு இல்லை.

"எடுக்கறப்ப கண்ணாடி மேல மடிஞ்சிருதுல்ல? பொட்டும் கூடவே போயிருது. படத்துக்கு ஒன்னுமில்ல, உங்க கண்ணுக்குத்தான் மறைக்கும். நடுவுல ஃபோகஸ் புடிக்காது, ஓரத்துப் புள்ளிய வெச்சுப் புடிங்க. மிரர்லெஸ் வாங்கியிருந்தீங்கன்னா உங்க ஊட்டுக்காரரு நேரா படம் பதியற சென்சாருக்கே அபிஷேகம் பண்ணிருப்பாரு. தப்பிச்சீங்கம்மா."

எட்டு நாளும் அவள் பழகினாள். எங்கே திருப்பினாலும் நடுவில் கணவன் வைத்த பொட்டு கூடவே வந்தது. முகத்தை நடுவில் வைத்தால் முகம் காணாமல் போகும். ஓரத்தில் வைத்தாக வேண்டும். ஆளை நட்டநடுவில் நிறுத்தி மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுக்கிற வேங்கடசாமியின் கலை அவளுக்கு இனி வராது. நல்லவேளை.

காதுகுத்தன்று பீளமேட்டு வீட்டு முற்றத்தில் பந்தல். பாலகோபால் குற்ற உணர்ச்சியோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக நின்றதால் வந்தவர்களுக்கெல்லாம் அவன்தான் போட்டோகிராபர். கேமரா அவள் கழுத்தில் தொங்கியது யார் கண்ணிலும் படவில்லை. "போட்டோகாரத் தம்பி, காப்பி குடிச்சீங்களா?" "நானில்லீங்க, அவங்கதானுங்க." "ஆகட்டுங்க, ஆகட்டுங்க, நீங்க குடிங்க." காலையில் மட்டும் அவன் ஐந்து காப்பி குடித்தான். அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்தார். ஹாரிகாவின் மாமனார் லட்சுமணசாமி, வீட்டுப் பெரியவர், பந்தலுக்குள் ஒளி வரும் ஒரே பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார். பாலகோபாலைக் கைகாட்டி அழைத்தார்.

"தம்பி, முக்கியமான எடமுங்க. இத நீங்க புடிச்சிருங்க. அம்மணி செத்த ஓரமா நிக்கட்டும்."

பெரியவர்கள் சொன்னதற்கு 'ஆகட்டுங்க' தவிர வேறு பதில் பாலகோபாலின் நாக்குக்குப் பழக்கமில்லை. அவன் வாய் திறக்குமுன் மோகனப்பிரியா பேசிவிட்டாள்.

"இல்லீங்க. நான்தானுங்க எடுக்கோணும். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

லட்சுமணசாமியை நகரச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் தன்னையறியாமல் இரண்டடி நகர்ந்தார். வெயில் குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. மோகனப்பிரியா கேமராவைக் கண்ணில் வைத்தாள். முகத்தை ஓரத்துக்குத் தள்ளினாள், ஃபோகஸைப் பிடித்தாள், கம்பி காதில் இறங்கும்போது அமுக்கினாள். சைத்ரா இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. வலி வந்து சேராத அந்த அரை நொடியில் அவள் ஆச்சரியமாக மாமனை அண்ணாந்து பார்த்தாள். ஆறடி மாமன் உதட்டைப் பிதுக்கி அழுதுகொண்டிருந்தான். திரையில் அதைப் பார்த்தபோது இனி அந்த நாற்காலி தனக்கில்லை என்று மோகனப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது.

விசேஷம் முடிந்து மரியாதை செய்யும் நேரம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், சம்பளக் கவர், அதன்மேல் ஜரிகைக் கரை போட்ட வேட்டியும் துண்டும். போட்டோகிராபர் என்றால் வேட்டி துண்டு என்று பத்து நாள் முன்பே வாங்கி வைத்தாயிற்று. லட்சுமணசாமி தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, அவளைத் தாண்டிப் போய், பாலகோபாலிடம் நீட்டினார். அவன் திருதிருவென்று விழித்து, "ஆகட்டுங்க" என்று குனிந்து வாங்கினான். மோகனப்பிரியா கேமராவைத் தூக்கி அதையும் ஒரு படம் எடுத்தாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில், பக்கம் முழுக்க அந்தப் படத்தைப் போட்டாள்.

ஆல்பம் போன மூன்றாம் நாள் ஹாரிகா சிரிப்பை அடக்கமாட்டாமல் போன் செய்தாள். "மாமா கடைசிப் பக்கத்த ரொம்ப நேரம் பாத்தாருங்க அக்கா."

"என்ன சொன்னாருங்க?"

"வேட்டிக் கரை நல்லா வந்திருக்குதுன்னு சொன்னாருங்க."

சொன்னதோடு நிற்கவில்லை அவர். ஊரெல்லாம் சிபாரிசும் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு போன் வந்தது. "ஏனுங்கம்மா, பீளமேட்டு லட்சுமணசாமி அய்யா நம்பர் குடுத்தாருங்க. எங்க பேத்திக்கு மொத பொறந்தநாளுங்க. போட்டோகிராபர் இருந்தா அவருகிட்டக் கொஞ்சம் போனக் குடுங்களேன்."

அந்த ஜரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்த பாலகோபால், தன்னை அறியாமல் போனுக்குக் கையை நீட்டினான். மோகனப்பிரியா அவனைப் பார்த்தாள். கை தானாகவே இறங்கிக்கொண்டது.

"அப்படி ஒரு 'அவரு' இங்க இல்லீங்க" என்றாள் போனில். "நான்தான் இருக்கறனுங்க. என்னைக்குங்க விசேஷம்?"